அந்த அரக்கன் டாங்கி கேம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? 40 வருஷச் சண்டை ஒண்ணு தீரணும்

லயத்துக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் போறவன், எழுதுறது இதுதான் மொத தடவ, பிழை இருந்தா பொறுத்துக்குங்க. கேள்வி கொஞ்சம் சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா எனக்கும் எங்கண்ணனுக்கும் நாப்பது வருஷமா ஓடுற சண்டை இது, யாராவது தீத்து வைங்க.

நாங்க டிக்கோயா பக்கம் ஒரு தோட்டம், பணிய லயம். எங்கப்பா விக்டோரியா அணைக்கட்டு வேலையில டிரைவரா இருந்தாரு, தெல்தெனிய பக்கத்துல தங்கல், ரெண்டு கெழமைக்கு ஒருக்காதான் வீட்டுப்பக்கம் வருவாரு. 1985ல டேம் தொறந்தாங்க, அந்தக் கையோட வெள்ளக்கார இஞ்சினியர்மாரு குடும்பத்தோட கெளம்பிட்டாங்க, வேணாம்னு ஒதுக்கின சாமான்ல கொஞ்சத்த அப்பா ஒரு பெட்டியில கட்டிக் கொண்டாந்தாரு. அதுக்குள்ள ஒரு டோஸ்டர் (லயத்துல அப்ப கரண்டே இல்ல, அம்மா அத சாமி படத்துக்குப் பக்கத்துல அலங்காரமா வெச்சிருந்தாங்க), ரெண்டு கம்பளிச் சட்டை, கம்பி ஒடைஞ்ச கொடை ஒண்ணு, எல்லாத்துக்கும் அடியில ஒரு பிளாஸ்டிக் பேக்.

பேக்குக்குள்ள ஒரு சின்னப் புத்தகம், சட்டப் பையில நொழைச்சா பாதி வெளிய நிக்கும், அவ்வளவுதான். மடிச்ச மேப் ஒண்ணு, முழுக்க தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டம், அங்கங்க வட்டமா குழி. அப்புறம் வெரல் நகம் அளவுக்கு வெட்டின அட்டைத் துண்டுங்க. ஒருத்தருக்கு ஒரே ஒரு ராட்சச டாங்கி, அதுக்கு மட்டும் தனியா ஒரு தாள்ல என்னென்ன பீரங்கி, எத்தன செயின்னு கட்டம் கட்டமா போட்டிருக்கும், அடி விழ விழ பென்சில்ல வெட்டிக்கிட்டே வரணும். (செயின்னு சொன்னது நாங்க. அப்பா டோசர்களுக்கு நடுவுல வேல செஞ்ச ஆளு, வேற என்னான்னு சொல்றது.) மத்தவருக்கு சின்னச் சின்ன டாங்கி, காலாட்படை, அசையாம நிக்கிற பெரிய பீரங்கி, காத்துல மெதந்து ஓடுற வண்டி, எல்லாம் சேந்து ஒரு கமாண்ட் போஸ்ட்ட காப்பாத்தணும். அட்டையில இருந்த பேர அண்ணன் ஸ்கூல் டிக்‌ஷனரில தேடி "அரக்கன்"னு கண்டுபிடிச்சாரு, அன்னையில இருந்து எங்களுக்கு அது அரக்கன் வெளையாட்டு, இங்கிலீஷ் பேரு எனக்கு மறந்தே போச்சு.

அண்ணனுக்கு அப்ப பதினாலு, எனக்கு ஒம்பது. இஸ்தோப்புல சாக்கு விரிச்சி ஆடுவோம். டைஸ் லூடோவுல இருந்து எடுத்தது. காத்தடிச்சா படையே பறக்கும், அதனால ஒவ்வொரு துண்டுக்கும் மேல ஒரு புளியங்கொட்டை. ஒருநாள் பக்கத்து காம்பரா கோழி ஒரு பீரங்கிய கொத்திட்டுப் போயிருச்சி, பால்மா பெட்டி அட்டையில புதுசு வெட்டி பேனையால நம்பர் எழுதினோம். அது மட்டும் கொஞ்சம் பெரிசாப் போச்சு, கடைசி வரைக்கும் "கோழி பீரங்கி"தான் அது.

இப்ப சண்டைக்கு வாரேன். டைஸ் போட்டு ஒரு அட்டவணை பாக்கணும், அதுல மூணே பதில், என்இ, டி, எக்ஸ். ரூல்ஸ் புத்தகத்துல ஒரு தாள் கிழிஞ்சி இல்ல, அதனால அண்ணன் சொன்னதுதான் சட்டம். என்இன்னா ஒண்ணும் ஆகல, எக்ஸ்னா காலி, டின்னாலும் காலிதான்னு சொல்லிட்டாரு. சரின்னு நானும் கேட்டுக்கிட்டேன். ஆனா நான் அரக்கன அடிச்சி டி விழுந்தா மட்டும் "அது அரக்கனுக்கு ஏறாது"ம்பாரு! எங்க எழுதியிருக்குன்னு கேட்டா கிழிஞ்ச தாள்ல இருந்திச்சிம்பாரு. அரக்கன் எப்பவும் அவருதான். ரெண்டு வருஷம் ஆடினோம், நான் ஜெயிச்சதே இல்ல, ஒருக்கா கூட. அப்புறம் ஒரு ஜூலை மழையில தகரம் ஒழுகி மேப் பஞ்சாப் போச்சு, அதோட முடிஞ்சிது.

அண்ணன் இப்ப கட்டார்ல. போன வாரம் போன்ல பேசினப்ப கூட "நீ ஒழுங்கா ஆடத் தெரியாம தோத்தே"ங்கிறாரு. எனக்கு ரெண்டே விசயம் தெரியணும். இது என்னா கேம், இப்ப கெடைக்குமா? அண்ணன் ஆடினது கள்ள ஆட்டமா இல்லையா?

பண்டாரவளை டைஸ்:

அண்ணே, மேப்ல குழின்னு சொன்னவொடனே புல்லரிச்சிருச்சி. அது ஓகர். 1977ல வந்தது, அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின்ல மெட்டாகேமிங்னு ஒரு சின்னக் கொம்பனி போட்டது, டிசைன் ஸ்டீவ் ஜாக்சன். மைக்ரோகேம்னு ஒரு வரிசை ஆரம்பிச்சாங்க, அதுல நம்பர் 1 இதுதான். வெல 2 டொலர் 95 சதம்.

அந்த வெலையிலதான் எல்லாமே இருக்கு. அதுக்கு முந்தி வார்கேம்னா, அதான் மேப்ல துண்டு நகத்தி ஆடுற போர் ஆட்டம்னா, அவலோன் ஹில், எஸ்பிஐ மாதிரி கொம்பனிங்க போட்ட பெரிய பெட்டி, நூத்துக்கணக்குல துண்டு, ரூல்ஸ் வாசிக்கவே ஒரு நாள் போகும், ஆட்டம் முடிய சனி ஞாயிறு ரெண்டும் போகும். மெட்டாகேமிங் நடத்தின ஹோவார்ட் தொம்சன் அதுக்கு நேரெதிரா போனாரு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒரு ஆட்டம் முடியணும், பையில போட்டுக்கிட்டுப் போகணும். அதனாலதான் பெட்டி இல்லாம பிளாஸ்டிக் பேக், மெல்லிசு அட்டை, டைஸ் கூட நீங்கதான் தேடிக்கணும். ஆரம்பத்துல வந்ததுல துண்டுங்க தாளோட தாளா இருக்கும், கத்திரிக்கோலால நாமளே வெட்டணும். ஒங்க துண்டுங்கள அந்த இஞ்சினியர் வீட்டுப் பையன்தான் உக்காந்து வெட்டியிருப்பான், கோணல் மாணலா இருந்திச்சா?

இனி தீர்ப்பு. ஒங்கண்ணன் பாதி சரி, பாதி பிழை, சிரிப்பு என்னான்னா நீங்க சந்தேகப்பட்ட பாதிதான் சரி.

ஓகர் மேல டி விழுந்தா ஒண்ணும் ஆகாது. ரூலே அதுதான். அதோட பீரங்கியையோ செயினையோ அழிக்கணும்னா எக்ஸ் விழணும். அதுல அண்ணன் சுத்தமான ஆளு, கால்ல விழுங்க.

ஆனா ஒங்க டாங்கிக்கு டி விழுந்தா அது சாகாது! அந்த டி டிசேபிள்ட். அடுத்த டர்ன் அது நகராது, சுடாது, சும்மா நிக்கும், அப்புறம் எந்திரிச்சிரும். காலாட்படைக்கு டின்னா மூணு பேர் கூட்டத்துல ஒருத்தர் கொறைவாரு, முழுசா போகாது. இத நீங்க ரெண்டு வருஷம் செத்ததா எடுத்து வெளிய வெச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் சம பலம்னா அட்டவணை இப்படி, 1, 2 விழுந்தா ஒண்ணுமில்ல, 3, 4ன்னா டி, 5, 6ன்னா எக்ஸ். அப்ப ஒங்க டாங்கி சாக ஆறுல நாலு, அரக்கனுக்கு அடி ஏற ஆறுல ரெண்டு. அண்ணே, அந்தக் கணக்குல அந்த கேம செஞ்ச ஆள் வந்து ஆடியிருந்தாலும் தோத்திருப்பாரு.

இன்னொண்ணு, நீங்க எத அடிச்சீங்க? புதுசா ஆடுறவங்க எல்லாரும் பெரிய பீரங்கியத்தான் அடிப்பாங்க. மார்க் 3ங்கிற ரக அரக்கனுக்கு மெயின் பீரங்கி ஒண்ணு, அடுத்த சைஸ் நாலு, ஆள் அடிக்கிறது எட்டு, ஏவுகணை ரெண்டு, செயின் 45. வேகம் டர்னுக்கு மூணு கட்டம். செயின்ல 15 போனா வேகம் ரெண்டு, 30 போனா ஒண்ணு, 45ம் போனா நின்ன எடத்துல நிக்கும். செயின எவ்வளவு பலத்தோட அடிச்சாலும் சம பலம்னுதான் கணக்கு, எக்ஸ் விழுந்தா அடிச்ச பலம் எவ்வளவோ அத்தன செயின் போகும். 6 பலம் இருக்கிற ஹோவிட்சர் (நீங்க சொன்ன அசையாத பெரிய பீரங்கி) ஒண்ணு ஏத்தினா ஒரே அடியில ஆறு. மொதல்ல நொண்டியாக்கிட்டா பெறகு பீரங்கிங்களுக்கு ஆறுதலா வேல பாக்கலாம்.

லயத்துக்காத்து:

தம்பி, கைய குடுங்க. ஓகர், ஓகர்தான்! அண்ணன் அத "ஓக்ரே"ன்னு வாசிச்சாரு, இப்ப ஞாபகம் வருது.

நான் பெரிய பீரங்கியத்தான் அடிச்சேன், எப்பவும். செயின அடிக்கிறது கோழைத்தனம்னு அண்ணன் சொல்லுவாரு, ஒம்பது வயசுல அத நம்பிட்டேன். டி விசயம் வாசிச்சதுல இருந்து வேல ஓடல. குழிக்குள்ள காலாட்படை எறங்கலாமா? நாங்க எறங்கி ஒளிஞ்சிக்குவோம்.

பண்டாரவளை டைஸ்:

குழிக்குள்ள யாருமே போக முடியாது, அரக்கன் கூட. இடிபாடுன்னு கட்டத்து ஓரமா கோடு மாதிரி போட்டிருக்கும் பாருங்க, அதத் தாண்டத்தான் காலாட்படைக்கும் ஓகருக்கும் அனுமதி, மத்த வண்டியெல்லாம் சுத்தித்தான் போகணும். மன்னிச்சிக்குங்கண்ணே, இன்னொரு பிழை.

ஊவா மாமா:

புள்ளைகளா, எல்லாம் வாசிச்சேன். நல்லா இருக்கு. ஆனா டெக்சாஸ்ல ஒருத்தர் 1977ல கண்டுபிடிச்சாருன்னு நீங்க ஆச்சரியப்படுறதப் பாத்தா எங்க பாட்டி சிரிச்சிருப்பாங்க. ஒரு பக்கம் பலசாலி கொஞ்சப் பேர், மறுபக்கம் ஏழைங்க கூட்டம், இது ஆடு புலி ஆட்டம்தானே? மூணு புலி, பதினஞ்சு ஆடு. எங்க லயத்துல கொழுந்து நிறுக்கிற எடத்துக்குப் பக்கத்துல பாறையில கரியால கோடு போட்டிருக்கும், ஆட்டுக்கு சின்னக் கல்லு, புலிக்கு காஞ்ச தேயிலை வெத. ஞாயித்துக்கெழமை பெரியாளுங்க ஆடுறத சுத்தி நின்னு பாப்போம், வாய் தொறந்தா தலையில ஒரு குட்டு. சிங்கள ஆளுங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, ஹத் திவியன் கெளிய, ஒரு புலி, ஏழு சிறுத்தை. அது இன்னும் கிட்ட வருது, ஒண்ணுக்கு எதிரா கூட்டம்.

அதுல டைஸ் இல்ல, அட்டவணை இல்ல, கிழியிற தாளும் இல்ல. தோத்தா நம்ம மூளையில பிழை, அண்ணன சொல்ல முடியாது.

பண்டாரவளை டைஸ்:

மாமா சொல்றது உண்மைதான், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஆட்டப் புலி வெட்டினா ஆடு போச்சு, ஆனா புலிக்கு கால் ஒடையாது, கடைசி வரைக்கும் அதே புலிதான், அடைபடுமே தவிர தேயாது. ஓகர்ல அந்தப் பேப்பர்ல ஒவ்வொரு கட்டமா வெட்டுப்பட வெட்டுப்பட மிருகம் தேயும். ஆட்டத்து முடிவுல ஒரே ஒரு பீரங்கியோட, டர்னுக்கு ஒரு கட்டம் ஊந்துக்கிட்டு அது கமாண்ட் போஸ்ட் பக்கம் வரும் பாருங்க, எதிரியா இருந்தாலும் பாவமா இருக்கும். அதுக்குத்தான் ஆடுறது.

ஊவா மாமா:

அடைபட்ட புலியப் பாத்து நீங்க பாவப்படலன்னா அது ஒங்க கொற. சரி சரி, தொடருங்க.

சீதா எலிய வாசகி:

இந்தத் திரிய ராத்திரி பதினொரு மணிக்கு பாத்தேன், தூக்கம் போச்சு. வார்கேம் எனக்குத் தெரியாது, நாங்க பொம்பளப் புள்ளைங்க, எங்களுக்கு வந்து சேந்தது புத்தகம். ஃபைட்டிங் ஃபேன்டசின்னு ஒரு வரிசை. நான் படிக்கப் போன டவுன்ல ஒரு நூலகத்துல ஆங்கில அலுமாரியோட கடைசித் தட்டுல இருந்திச்சி, த வார்லொக் ஒஃப் ஃபயர்டொப் மவுண்டன், 1982ல பஃபின் போட்டது. 400 துண்டா கதைய நறுக்கி வெச்சிருப்பாங்க, இடது பக்கம் போகணும்னா இந்த நம்பருக்குப் போ, கதவ ஒடைக்கணும்னா அந்த நம்பருக்குப் போன்னு. திறமை, உடல்பலம், அதிர்ஷ்டம்னு மூணு எண்ணிக்கை, டைஸ் போட்டு நாமளே எழுதிக்கணும். டைஸ் இல்லாதவங்களுக்காக அந்த வரிசையில பல புத்தகத்துல பக்கத்து அடியில டைஸ் படம் அச்சடிச்சிருப்பாங்க, கண்ண மூடிக்கிட்டு பக்கத்தப் பெரட்டி நிறுத்தினா அதுதான் விழுந்த எண்.

ஒரு சின்னத் திருத்தம் சொல்லணும், ஏன்னா நானே பல வருஷம் கொழம்பியிருக்கேன். இந்தப் புத்தகத்த இயன் லிவிங்ஸ்டனோட சேந்து எழுதின ஸ்டீவ் ஜாக்சன் பிரிட்டன்காரர், ஓகர் செஞ்ச ஸ்டீவ் ஜாக்சன் அமெரிக்கர், வேற வேற ஆள். போதாததுக்கு அந்த அமெரிக்கரும் இதே வரிசைக்கு மூணு புத்தகம் எழுதினாரு, 1984ல வந்த ஸ்கோர்ப்பியன் ஸ்வொம்ப் அதுல ஒண்ணு. அட்டையில ரெண்டு பேர் பேரும் ஒண்ணுதான், யாருக்கு வெளங்கும்.

எங்க நூலகப் பிரதியில எனக்கு முந்தி எடுத்தவங்க எல்லாரும் கணக்குத் தாள்ல பென்சில்ல எழுதி அழிச்சி எழுதி அழிச்சி தாள் மெல்லிசாப் போயிருந்திச்சி. வெளிச்சத்துல புடிச்சா யார் யாரு எத்தன உடல்பலத்தோட செத்தாங்கன்னு தெரியும். மலைக்கு உள்ள ஒரு சுத்துவழி வரும் பாருங்க, கைமரம் சந்தியில பாதை மாறினவன் மாதிரி திரும்பத் திரும்ப அதே எடத்துக்கு வருவோம், நான் மூணு நாள் அதுக்குள்ள கெடந்தேன். கடைசியில பெட்டியத் தொறக்க சாவி வேணும், சாவியில இருக்கிற நம்பருங்கள கூட்டினா எந்தத் துண்டுக்குப் போகணும்னு வரும். சரியா கூட்டிட்டுப் போனா, அந்தத் தாளே இல்ல. யாரோ கிழிச்சிட்டாங்க. நூலகத்துல இருந்த ஐயாகிட்ட சொன்னேன், "தங்கச்சி, தாள் கிழிஞ்சா எடுத்தவர்தான் பொறுப்பு"ன்னு என்கிட்டயே தண்டம் வாங்கிட்டாரு. இன்னும் ஆறல எனக்கு அது.

என் கூட்டாளி ஒருத்தி ஒரு கொப்பித் தாள்ல அவளே முடிவு எழுதி, அளவா வெட்டி, கம் போட்டு ஒட்டினா. அவ எழுதின முடிவுல மந்திரவாதியோட தங்கத்த எடுத்துக்கிட்டு நம்ம வீரர் நுவரெலியா டவுன்ல ஒரு பேக்கரி போடுவாரு. பல வருஷம் கழிச்சி ஒரிஜினல் முடிவ வாசிச்சேன், பேக்கரி இல்ல அதுல, என்னமோ சப்புன்னு இருந்திச்சி.

தலவாக்கலை மாஸ்டர்:

டைஸ்னு பேச்சு வந்ததால சொல்றேன். கனடாவுல இருந்து மாமா மகன் ஒருத்தன் 90கள்ல ஒரு பெட்டி அனுப்பினான், டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமா கதைக்குள்ள போய் ஆடுற கேம், 1983ல வந்த அந்த செவப்புப் பெட்டி. புத்தகம் ரெண்டும் இருக்கு, டைஸ் ஒண்ணு கூட இல்ல, வழியில எங்கயோ காணாமப் போயிருச்சி. அந்த கேமுக்கு நாலு மூஞ்சி, எட்டு, பத்து, பன்னெண்டு, இருவது மூஞ்சின்னு விதவிதமா டைஸ் வேணும், தலவாக்கலை டவுன்ல போய் இருவது மூஞ்சி டைஸ் குடுங்கன்னா மூஞ்சிலயே குடுப்பான். அதனால பிரிஸ்டல் போர்ட்ல 1ல இருந்து 20 வரைக்கும் எழுதி வெட்டி மைலோ டின்னுல போட்டு குலுக்கி எடுத்தோம். 6ஐயும் 9ஐயும் வேறுபடுத்த அடியில கோடு போடாம விட்டதால ரெண்டு மூணு பேர் அநியாயமா செத்தாங்க.

இது ஏழைப் புத்தின்னு வெக்கமா இருந்திச்சி எனக்கு. பெறகு பாத்தா அந்தக் கொம்பனியே அதத்தான் செஞ்சிருக்கு! 1977ல முதல் பேசிக் செட் போட்டாங்க, அது வித்த வேகத்துக்கு டைஸ் கெடைக்கல, 70கள் முடியிற நேரத்துல வந்த பெட்டிங்கள்ல டைஸுக்குப் பதிலா நம்பர் போட்ட அட்டைத் துண்டுங்களப் போட்டு, வெட்டி ஒரு கப்புல போட்டு எடுத்துக்கோன்னு குடுத்திட்டாங்க. பெறகு டைஸோட வந்த பெட்டிகள்லயும் நம்பருக்கு மை இருக்காது, கூடவே ஒரு கிரேயோன் வரும், குழியில தேச்சி நெரப்பிக்கணும். கைகாக்ஸும் ஆர்னசனும் செஞ்ச அந்த கேம 1974ல மொதல்ல போட்டது ஆயிரம் பிரதி, கையால அடுக்கின பெட்டி. பெரிய விசயம் எல்லாம் இப்படி மைலோ டின் லெவல்லதான் ஆரம்பிச்சிருக்கு.

கொத்மலை பொடியன்:

மாமாக்கள் அண்ணாக்கள் கோவிக்காதீங்க, ஓகர் கம்ப்யூட்டர் கேமாவே இருக்கே, கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல 2017ல வந்திச்சி. ரூல்ஸ் எல்லாம் அதுவே பாத்துக்கும், சண்டையே வராது.

லயத்துக்காத்து:

சண்டை வராட்டி எதுக்கு தம்பி ஆடுறது.

பண்டாரவளை டைஸ்:

எங்க வாங்குறதுன்னு கேட்டீங்கல்ல, சொல்ல மறந்துட்டேன். மெட்டாகேமிங் 1983ல மூடிட்டாங்க. ஸ்டீவ் ஜாக்சன் அதுக்கு முந்தியே வெளிய வந்து சொந்தக் கொம்பனி போட்டுட்டாரு, கார் வோர்ஸ்ங்கிற கேம் எல்லாம் அங்க இருந்து வந்ததுதான், ஓகர் உரிமையும் அவர் கைக்கே வந்திருச்சி. 2012ல கிக்ஸ்டார்டர்ல, அதான் ஆளுங்ககிட்ட முன்கூட்டியே காசு சேக்கிற தளத்துல, ஒரு பெரிய ஓகர் போட்டாரு, அந்தப் பெட்டியத் தூக்க ரெண்டு பேர் வேணும், நெசமா சொல்றேன், பொக்கெட் கேமோட ஆவிக்கே அது அவமானம். ஆனா 2013ல சின்னதையும் திரும்ப அச்சடிச்சாரு, அதே 2 டொலர் 95 சதத்துக்கு. அங்க அப்ப அந்த வெல. இங்க வர தபால் செலவு அதவிட பல மடங்கு, மேல சுங்கத்துல என்னா சொல்லுவாங்களோ அது வேற.

ஓகருக்கு விடிவு வந்திச்சி, அவரு அங்க செஞ்ச மத்ததுக்கு வர ரொம்ப காலம் எடுத்திச்சி. மெலீன்னு 1977ல ஒரு வாள்சண்டை கேம், பலம், கைத்திறமை ரெண்டுக்கும் சேத்து 24 புள்ளி, ஒண்ணக் கூட்டினா மத்தது கொறையும், மூணு டைஸ் போட்டு கைத்திறமைக்குள்ள விழுந்தா அடி. அவ்வளவுதான், அஞ்சு நிமிசத்துல ஆடலாம். 78ல விசார்ட் வந்திச்சி, மூளையும் சேந்து 32 புள்ளி. ரெண்டும் சேந்து த ஃபேன்டசி டிரிப்னு முழு ரோல்பிளேயிங் கேமா, அதான் பாத்திரமா மாறி ஆடுற கேமா, வளந்திச்சி. கொம்பனி மூடினதோட அதோட உரிமை உள்ள போய் பூட்டிக்கிச்சி, முப்பது வருஷத்துக்கு மேல யாரும் அச்சடிக்க முடியல, ஆசைப்பட்டவங்க பழைய பிரதிய ஏலத்துல வாங்கி ஃபோட்டோகொப்பி அடிச்சி ஆடினாங்க. 2017 டிசம்பர்லதான் உரிமை எழுதினவர்கிட்டயே திரும்பி வந்திச்சி.

காசே செலவழிக்காம ஏதாவது வேணும்னா டுவார்ஃப்ஸ்டார்னு ஒரு வரிசை, 80கள் ஆரம்பத்துல வந்தது, இப்ப உரிமை வெச்சிருக்கிறவங்க சம்மதத்தோட நெட்ல இலவசமா இருக்கு, மேப், துண்டு, ரூல்ஸ் எல்லாம். அதுல பார்பேரியன் பிரின்ஸ் எடுங்க, 1981. தனியா ஆடுறது. அப்பாவக் கொன்னுட்டு ஆட்சியப் புடிச்சிட்டாங்க, நீங்க தப்பி ஓடின இளவரசர், 70 நாளுக்குள்ள 500 பொன் சேத்துக்கிட்டு வடக்க திரும்பணும். தெனம் சாப்பாட்டுக்கும் வழி தேடணும், ஆள் சேத்தா அவங்களுக்கும் சாப்பாடு. நான் பாதித் தடவ பசியாலயே செத்திருக்கேன், ராட்சசன் யாரும் தொடக் கூட இல்ல.

சீதா எலிய வாசகி:

மாசக் கடைசி மாதிரி இருக்கே அந்த கேம்.

தலவாக்கலை மாஸ்டர்:

அச்சடிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப். ஸ்டிக்கர் பேப்பர்ல பிரின்ட் எடுத்து பிரிஸ்டல் போர்ட்ல ஒட்டினா மழைக்காலத்துல ஓரம் சுருளும். பைண்டர் கம்மும் வேணாம், அட்டை அலையலையா நெளியும். சப்பாத்துப் பெட்டி அட்டைதான் சரி. ஒட்டி, மேல ரெண்டு நாள் பாரத்த வெச்சி, அப்புறம் இரும்பு அடிமட்டம் வெச்சி பிளேட்டால இழுங்க, கத்திரிக்கோல் போட்டா அட்டை நடுவுல பிளக்கும். நான் ஓலெவல் புத்தகங்கள பாரத்துக்கு வெக்கிறேன், அதுங்க இதுக்காவது ஒதவட்டும்.

லயத்துக்காத்து:

இங்க எழுதினது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிட்டேன். ரெண்டு நாள் நீல டிக் மட்டும் கெடந்திச்சி, பதிலே இல்ல. நேத்து ராத்திரி டியூட்டி முடிஞ்சி வந்து ஏழு நிமிசத்துக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்காரு.

மொதல் மூணு நிமிசம் "பாத்தியா, அரக்கனுக்கு டி ஏறாது, பாத்தியா". விடுங்க.

பெறகுதான் விசயம். அந்தத் தாள் கிழியிறதுக்கு முந்தியே அவரு வாசிச்சிருக்காரு! டின்னா டிசேபிள்ட்னு அவருக்குத் தெரியும். வெளங்காம ஸ்கூல் டிக்‌ஷனரிய எடுத்துப் பாத்திருக்காரு, அரக்கன கண்டுபிடிச்ச அதே டிக்‌ஷனரி. அதுல "அங்கவீனமான"ன்னு போட்டிருந்திச்சாம். அத அவரு கொரல்லயே கேக்கணும் நீங்க, "டேய், அங்கவீனமான டாங்கி எப்பிடிடா அடுத்த டர்ன் எந்திரிச்சி வரும்? மேட்டு லயத்துல பெரிய கங்காணிக்கு கால் போச்சே, அவரு எந்திரிச்சி நடந்தாரா? நான் நியாயமாத்தான்டா எடுத்து வெளிய வெச்சேன்".

அதுக்கு என்னா பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, கள்ள ஆட்டம்னு சொல்லவும் முடியல. ஸ்டோருக்குப் பின்னால போற பாதையில நின்னு ரெண்டு தடவ கேட்டு தனியா சிரிச்சிக்கிட்டு இருந்தேன், போறவங்க பாத்திட்டுப் போனாங்க.

சித்திரை வருசப் பொறப்புக்கு வாராராம். அந்தத் தாளுக்கு என்னா ஆச்சின்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் வரல.

பண்டாரவளை டைஸ்:

என்கிட்ட 2013 பிரதி ஒண்ணு இருக்குண்ணே. ஏப்ரல்ல நானே ஹட்டனுக்கு கொண்டாரேன், கோச்சி ஓடினா கோச்சியில, இல்லாட்டி பஸ்ஸுல. நீங்க எந்தப் பக்கம் ஆடுறீங்க?

லயத்துக்காத்து:

என்னா தம்பி கேள்வி இது. அரக்கன் நான். அவருக்கு இருவது காலாட்படையும் பன்னெண்டு வண்டியும் எண்ணிக் குடுங்க, அதுல ஒரு ஹோவிட்சர மட்டும் எடுத்திட்டு பால்மா பெட்டியில வெட்டினத வெக்கணும். அட்டை நான் கொண்டாரேன்.